ஒன்பதாம் சுரத்தின் இடம்

மேலை இசை பயில்வோருக்கு 9, 11, 13ஆம் கார்டுகள் பெரும்பாலும் கணக்காகவே கற்பிக்கப்படுகின்றன. ஆதார சுரத்தின் மேல் ஒன்றுவிட்டு ஒன்றாகச் சுரங்களை அடுக்க வேண்டும். சி, இ, ஜி, பி-ஃபிளாட் வரை 7ஆம் கார்டு. அதன்மேல் டி வந்தால் 9, எஃப் வந்தால் 11, ஏ வந்தால் 13. ஒன்பதில் ஏழைக் கழித்தால் இரண்டு; ஆகவே 9ஆம் சுரம் என்பது இரண்டாம் சுரமே என்று பாடத்தை முடித்துவிடுவார்கள். கணக்கு சரிதான். செவி ஒப்புவதில்லை. சியை ஒட்டி ஒலிக்கும்போது உரசுகிற அதே டி, மேல் ஸ்தாயியில் ஏழாவதையும் தாண்டி ஒலிக்கும்போது ஒளிர்கிறது.

13ஆம் கார்டை உள்ளபடியே வாசித்தால் ஏழு சுரங்களும் ஒருங்கே ஒலித்துக் கூச்சலாகும். தேர்ந்த ஜாஸ் பியானோ கலைஞர் ஐந்தாவதைத்தான் முதலில் கைவிடுவார். மூன்றாவதோடு மோதும் பதினொன்றையும் விடுவார், அல்லது அரைச்சுரம் உயர்த்திக்கொள்வார். உடன் டபுள் பாஸ் இருந்தால் ஆதார சுரம் அதன் பொறுப்பு. எஞ்சுபவை 3, 7, 9, 13 மட்டுமே, கார்டு கெடுவதில்லை. தமிழ் கற்பிப்பவனுக்கு இங்கே வேற்றுமைத்தொகை நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. உருபு மறைந்தும் பொருள் நிற்கிறதல்லவா!

இடம் பொருளை மாற்றும் என்பதைப் பழைய பாடநூலாரும் அறிந்திருந்தார்கள். ஆனால் அதை விலக்காக்கிவிட்டார்கள். அர்னால்டு ஷோன்பெர்க் 1899இல் ஆறு தந்திக் கருவிகளுக்காக எழுதிய 'உருமாறிய இரவு' படைப்பை வியன்னாவின் இசைக்கலைஞர் சங்கமொன்று ஏற்க மறுத்தது. ஒன்பதாம் சுரத்தை அடியில் வைத்த ஒரேயொரு 9ஆம் கார்டுதான் காரணம் என்று ஷோன்பெர்க் பின்னாளில் எழுதினார். அப்படியொரு புரட்டல் கிடையாது என்பது விதி. இல்லாததை எப்படி வாசிப்பது என்று அவர் எள்ளவும் செய்தார். விதி செய்தவர்கள் மூடர்களல்லர். ஒன்பதாவது அடியில் வந்தால், எது ஆதாரம் என்று செவி தடுமாறத்தான் செய்யும். அந்தத் தடுமாற்றத்தையே ஒருவன் சொல்ல விரும்பினால் என்ன செய்வது? அதற்கு அவர்களின் நூலில் விடையில்லை.

1902இல் வியன்னாவிலேயே படைப்பு அரங்கேறியது. அதற்கு மூலம் ரிச்சர்ட் டேமலின் கவிதை. நிலவொளியில் நடக்கும் பெண், தன் வயிற்றில் வளர்வது வேறொருவனின் குழந்தை என்கிறாள். உடன் நடப்பவன் அதைத் தன்னுடையதாக ஏற்கிறான். சங்கத்தார் கவிதையையும் சேர்த்து வாசித்திருக்கலாம்.