சாட்சியமும் சாட்சியும்

சித்திரவதை என்பது தனியொரு பொலிஸ்காரனின் கொடிய சுபாவத்தால் நேரும் விபத்தன்று. அது ஓர் ஆட்சிமுறை. இவ்வுண்மையை மறுப்போர் நம்மிடையே இன்று அதிகம் இல்லை. ஆனால், அவ்வாறாயின் நாம் செய்ய வேண்டியது யாது என்ற வினா எழுந்தவுடன் மூன்று குரல்கள் கேட்கின்றன. "பழைய புண்ணைக் கிளறாதீர்கள்" என்பது முதலாவது. "எழுதி வைத்து எதைக் கண்டோம்?" என்பது இரண்டாவது. மூன்றாவது குரல் சற்று உரத்தது. "எல்லாவற்றையும் பதிவு செய்யுங்கள், உலகின் முன் வையுங்கள்" என்று அது முழங்குகின்றது. பதிவு முடிந்தபின் அம்மனிதன் என்ன ஆனான் என்று கேட்பதற்கு மட்டும் மறந்துவிடுகின்றது. இம்மூன்று குரல்களையும் மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். சாட்சியத்தைப் பேணுதலும் சாட்சி சொன்னவரைப் பேணுதலும் ஒரே கடமையின் இரு பக்கங்கள் என்பதும், அக்கடமையில் பல்கலைக்கழகத்துக்குப் பங்குண்டு என்பதும் எமது நிலைப்பாடு.

எழுதுவதால் பயனில்லை என்போர் வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்ப்பார்களாக. கும்பினி ஆட்சியின்போது சென்னை மாகாணத்திலே நிலவரி தண்டுவதற்காகக் குடியானவர்கள் வதைக்கப்பட்டனர். விரல்களைக் கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் கிட்டியும், தலையைக் காலோடு வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாளும் வரி தண்டும் உபாயங்களாயிருந்தன. இதனை விசாரிக்க நியமிக்கப்பட்ட ஆணைக்குழு 1855இல் தன் அறிக்கையை வெளியிட்டது. 519 பேர் நேரில் வந்து முறையிட்டனர். 1,440 பேர் எழுத்துமூலம் முறையிட்டனர். அறிக்கையோ பழியைச் சுதேசச் சேவகர்மீது சுமத்தி வெள்ளை அதிகாரிகளைத் தப்பவைத்தது. ஆயினும் அந்த ஏழைகளின் முறைப்பாடுகள் காகிதத்தில் ஏறிவிட்டன. பொலிஸாருக்கு அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 1861இல் சட்டமாயிற்று. 1872ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்திலும் இடம்பெற்றது. இலங்கையில் 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவாக அது வந்து சேர்ந்தது. இம்மாற்றத்துக்கு அவ்வறிக்கை மட்டுமே காரணம் என்று கூறுவது மிகையாகும். எனினும், வதை நிகழ்கிறது என்பதை அரசே தன் ஏட்டில் ஒப்புக்கொண்ட பின்னரே இத்தகைய வேலி கட்டப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

அந்த வேலியை 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் பிடுங்கி எறிந்தது. மூன்று வருடங்களுக்கென்று கொண்டுவரப்பட்ட அச்சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத ஓர் அதிகாரி சம்பந்தப்பட்டிருப்பின் ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கலாம் என்றது அதன் 16ஆம் பிரிவு. அது வலிந்து பெறப்பட்டதென்பதை நிரூபிக்கும் பொறுப்பையும் குற்றஞ்சாட்டப்பட்டவர் மீதே சுமத்தியது. அடித்தவரும் அடிபட்டவரும் தவிர வேறெவரும் இல்லாத அறையில் நடந்ததை அடிபட்டவரே நிரூபிக்க வேண்டுமாம்! 2022ஆம் ஆண்டின் திருத்தம்கூட இப்பிரிவை நீக்கவில்லை.

இதன் விளைவை ஒரு வழக்கிலே காணலாம். 1993இல் கைதுசெய்யப்பட்ட தமிழ் இளைஞர் ஒருவருக்கு 1995இல் கொழும்பு மேல் நீதிமன்றம் 50 வருடச் சிறைத்தண்டனை விதித்தது. அவருக்கு எதிரான ஒரே சான்று ஒப்புதல் வாக்குமூலமே. அவர் அறியாத சிங்கள மொழியில் அது எழுதப்பட்டிருந்தது. கீழே அவருடைய பெருவிரல் அடையாளம் இருந்தது. அவரது முதுகிலும் இடது கண்ணிலும் வடுக்கள் இருந்ததை வைத்திய அறிக்கை கூறியது. எனினும், வாக்குமூலம் வலிந்து பெறப்பட்டதென அவர் நிரூபிக்கவில்லை என்று நீதிமன்றம் முடிவுசெய்தது. மேன்முறையீட்டில் தண்டனை 35 வருடமாயிற்று. 2004இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு அவருடைய உரிமைகள் மீறப்பட்டன என்று கூறியது. 2006இல் நமது உயர் நீதிமன்றம் அம்முடிவுக்கு இந்நாட்டிலே சட்டவலு இல்லையெனத் தள்ளியது.

"பார்த்தீர்களா, வைத்திய அறிக்கை இருந்தும் என்ன பயன்?" என்று இரண்டாம் குரல் இங்கே வெற்றிக் களிப்போடு கேட்கலாம். அந்த அறிக்கை அவ்விளைஞரைக் காக்கவில்லை என்பது உண்மையே. ஆனால், அது இல்லாதிருந்தால் அத்தீர்ப்பை எந்த மன்றத்தில், எதனைக் கொண்டு கேள்விக்குள்ளாக்கியிருப்போம்? 1855இன் அறிக்கைக்கும் இலங்கையின் 25ஆம் பிரிவுக்கும் இடையே 40 ஆண்டுகள் கழிந்தன. ஆவணம் பொறுமையுள்ளது. நம்மிடம் பொறுமை இல்லை என்பதற்காக ஆவணத்தைப் பழிப்பது அறிவுடைமையாகாது.

புண்ணைக் கிளறாதீர் என்போருக்கு ஒரு வினா: புண் ஆறிவிட்டதென்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? வதைக்கப்பட்டவர் சொன்னாரா, வதைத்தவர் சொன்னாரா? மறதியை உபதேசிப்பவர் பெரும்பாலும் மறப்பதற்கு எதுவும் இல்லாதவராகவே இருக்கின்றார். மேலும், மறக்கப்பட்ட வதைகூடம் மூடப்படுவதில்லை. அடுத்த தலைமுறைக்காகத் திறந்தே கிடக்கின்றது. 1971இல் தென்னிலங்கைச் சிங்கள இளைஞர்மீது பழகிய கைகளே பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் நீண்டன. 1987 தொடக்கம் மீண்டும் தெற்கிலே இறங்கின. பட்டலந்த வதைகூடத்தை விசாரிக்க 1995இல் நியமிக்கப்பட்ட ஆணைக்குழுவின் அறிக்கை 2025 மார்ச் மாதத்திலேதான் பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. 2002இல் ஆள்மாறாட்டத்தால் வத்தளைப் பொலிஸாரிடம் அகப்பட்ட ஒரு சிங்களத் தொழிலாளி சிறுநீரகம் செயலிழக்கும் அளவுக்கு வதைக்கப்பட்டார். உயர் நீதிமன்றம் 2003இல் அவருக்கு நட்டஈடு வழங்கத் தீர்ப்பளித்தது. 2004 நவம்பரில், மேல் நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதற்குச் சில நாட்களுக்கு முன், அவர் சுடப்பட்டு இறந்தார். எனவே, நம் காயங்களை மட்டும் எண்ணிக் கணக்கு வைப்போர் இவ்வியந்திரத்தின் ஒரு சக்கரத்தை மட்டுமே காண்கின்றனர்.

நம்மவர் செய்த வதைகளையும் மறைத்தல் ஆகாது. 1988இல் தோன்றிய மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் (யாழ்ப்பாணம்) என்ற அமைப்பு இலங்கைப் படையினர், இந்திய அமைதிப்படை, புலிகள், ஏனைய இயக்கங்கள் ஆகிய அனைவருடைய செயல்களையும் எழுதி வைத்தது. அதனை உருவாக்கியோருள் ஒருவரான உடற்கூற்றியல் விரிவுரையாளர் ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். அரசின் குற்றத்தை எவரும் குறைத்து மதிப்பிட இவை இடந்தரா. வதைப்பவனின் கொடியைப் பார்த்து வதையை எடைபோடுபவன் சாட்சியாகான், கட்சிக்காரனே ஆவான் என்பதையே இவை உணர்த்துகின்றன.

இனி மூன்றாவது குரலுக்கு வருவோம். அது நம் கலை விழாக்களிலும் நினைவுக் கூட்டங்களிலும் ஒலிப்பதாகையால் இதனைச் சற்று விரிவாகவே கூற வேண்டும். மேடையிலே வதைபட்ட உடலைக் கவிதையாக்கிக் கைதட்டல் பெறுகின்றோம். ஆனால் பல வருடம் சிறையிருந்து விடுதலையாகி நம் ஊருக்கே திரும்பியவரின் வீட்டு வாசலை மிதிக்க அஞ்சுகின்றோம். புலனாய்வாளர் வருவர் என்ற பயம் ஒரு புறம். காட்டிக்கொடுத்துத்தான் வெளியே வந்தாரோ என்ற சந்தேகம் மறுபுறம். அவருக்கு வேலை கொடுப்பாரில்லை. அவருடைய மனைவி கோழி வளர்த்தும் கூலிக்குச் சென்றும் பிள்ளைகளைப் படிப்பிக்கின்றாள். இந்நிலையில் அவரிடம் சென்று, நடந்ததைச் சொல்லும், இன்னொரு முறை சொல்லும், திகதியைச் சரியாகச் சொல்லும் என்று கேட்டு, எழுதிக்கொண்டு திரும்பிவிடுபவர் செய்வது என்ன? அது இரண்டாவது விசாரணை. முதல் விசாரணையில் அடி இருந்தது. இதில் இல்லை என்பதே வேறுபாடு.

சித்திரவதையின் இலக்கு தகவல் பெறுவது என்று நம்புவது பேதைமை. ஒருவனுடைய சொல்லை அவனிடமிருந்து பறித்து, அவன் வாயாலேயே பிறர் சொல்லைச் சொல்லவைப்பதே அதன் இலக்கு. யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோரின் ஆய்வுகள், இவ்வதை தனிமனித உள்ளத்தோடு நில்லாது குடும்பத்தையும் சமூகத்தின் பரஸ்பர நம்பிக்கையையும் சிதைக்கின்றது என்பதை எடுத்துக்காட்டியுள்ளன. வதையுண்டவரின் நினைவிலே நாட்கள் முன்பின்னாகலாம். சில நாட்கள் முற்றாகவே மறைந்து போகலாம். சட்டம் இதனை முரண்பாடு என்கின்றது. மருத்துவம் இதனைக் காயத்தின் அறிகுறி என்கின்றது. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை அடிப்படை உரிமை மனுவுக்குத் தரும் காலம் ஒரு மாதம். வாய் திறக்கவே வருடங்கள் வேண்டியவருக்கு ஒரு மாதம்!

ஆகவே, முறையான பதிவு எது என்பதை வரையறுத்துக்கொள்ளல் அவசியம். 1999இல் ஐக்கிய நாடுகளிடம் கையளிக்கப்பட்ட இஸ்தான்புல் நெறிமுறை இதற்கு வழிகாட்டுகின்றது. காயம் உண்டென்று எழுதி நிறுத்தாமல், கூறப்பட்ட வதையோடு அது எவ்வளவு பொருந்துகின்றது என்று படிப்படியாக வகுத்துரைக்க வேண்டும். உடற்காயத்தோடு உளக்காயத்தையும் ஆராய வேண்டும். சம்மதம் பெற வேண்டும். சொல்பவர் விரும்பினால் இடையில் நிறுத்த உரிமை வேண்டும் என்கின்றது அது. இவற்றோடு நாம் சேர்க்க வேண்டியவை சில உண்டு. சாட்சியம் சொன்னவருக்கே உரியது. அவர் கேட்டால் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டும். எழுதச் சென்றவர் மறுமாதமும் செல்ல வேண்டும். வைத்தியர், சட்டத்தரணி, பிழைப்புக்கொரு வழி ஆகிய மூன்றையும் காட்ட இயலாதவர் குறிப்பேட்டைத் திறக்கலாகாது.

இதிலே பல்கலைக்கழகம் என்ன செய்யலாம்? பிரேசில் நாட்டின் அனுபவம் ஒன்று உண்டு. அங்கு இராணுவ ஆட்சி நடந்தபோதே, 1979 தொடக்கம், சில சட்டத்தரணிகள் இராணுவ நீதிமன்றக் கோவைகளை மேன்முறையீட்டுக்கென்று இரவல் பெற்று இரகசியமாகப் பிரதியெடுத்தனர். 707 வழக்குகள், ஏறத்தாழ பத்து இலட்சம் பக்கங்கள். கைதிகள் நீதிமன்றத்தில் கூறிய வதை விவரங்கள் அரசின் காகிதத்திலேயே உறங்கிக் கிடந்தன. 1985இல் அவற்றின் சுருக்கம் நூலாக வெளிவந்தபோது, வதை நிகழவில்லை என்று கூற ஆட்சியாளருக்கு வழியிருக்கவில்லை. நமது நீதிமன்றங்களிலும் அத்தகைய கோவைகள் தூசு படிந்து கிடக்கின்றன. சட்டம் பயில்வோர் அவற்றைத் தேடட்டும். மருத்துவ மாணவர் சட்ட வைத்திய அறிக்கை எழுதும் முறையைக் கசடறக் கற்கட்டும்.

கலைப் பீடத்தாராகிய நமக்கும் ஒரு பணி உண்டு. பெருவிரலை வைத்தவருக்குத் தெரியாத மொழியில் ஒப்புதல் எழுதப்படும் நாட்டிலே மொழிபெயர்ப்பு வெறும் பாடமன்று. அது உயிர்ப் பிரச்சினை. வதையுண்டோர் தம் வதைக்கு வைத்திருக்கும் சொற்கள் அகராதியில் இல்லை. அவற்றை அலங்கரியாமல், கூட்டாமல், குறையாமல், சொன்னபடியே எழுதவும் மூன்று மொழிகளிலும் பிழையறப் பெயர்க்கவும் வல்லவர் இத்தமிழ்ச் சங்கத்திலிருந்து தோன்றாவிடில், நாம் தமிழ் படித்ததன் பயன்தான் யாது?

அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை சித்திரவதையைத் தடைசெய்கின்றது. 1994இன் 22ஆம் இலக்கச் சட்டம் அதற்கு ஆகக் குறைந்தது ஏழு வருடச் சிறைத்தண்டனை விதிக்கின்றது. நல்ல சட்டங்கள்தாம். ஆனால் சாட்சியில்லாத சட்டம் ஏட்டுச் சுரைக்காய். சாட்சி சொல்லக்கூடியவரோ நம் அயலிலே, பூட்டிய படலைக்குள், பேச ஆளின்றி இருக்கின்றார். முதலில் அப்படலையைத் தட்டுவோம். குறிப்பேடு பின்னர் வரட்டும்.