மரகதத்துக்கு ஒரு நாள், மனிதனுக்கு?

உத்தரகோசமங்கையில் ஓர் ஆடலரசன் இருக்கிறான். மரகதத் திருமேனி! ஆனால் அந்தப் பச்சையை நினைத்த நாளில் பார்க்க முடியுமா? முடியாது. ஆண்டு முழுவதும் சந்தனப் பூச்சுக்குள் மறைந்து நிற்கிறான். வழக்கமாக மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் சந்தனம் களையப்படுகிறது. ஊர் திரள்கிறது, பார்க்கிறது, வியக்கிறது. மறுபடியும் சந்தனம்!

சிலைக்கு அது முறையாக இருக்கட்டும். அதைப் பற்றி வழக்காட நாம் வரவில்லை. நாம் கேட்பது வேறு. முண்டு மிளகாய் காயும் களங்களுக்கும் கருவேலங்காட்டுக்கும் நடுவே உயிருள்ள மரகதங்கள் உலவுகின்றனவே, அவற்றை எதற்காக மூடி வைத்திருக்கிறோம்?

திருவிழா இரவில் பாருங்கள். காலில் சலங்கை, கையில் துணி, வரிசை பிசகாமல் ஒயிலாட்டம் ஆடுகிறான் ஓர் இளைஞன். அவன் தங்கை சிலம்பம் சுழற்றுகிறாள். கூட்டம் கை தட்டுகிறது. "பிறவிக் கலைஞனப்பா!" என்று பெரியவர்கள் பாராட்டுகிறார்கள். விடிந்தால் அவன் கூலி வேலைக்குப் போகிறான். அவள் கம்பு மூலையில் சாய்கிறது. அடுத்த ஆட்டம் அடுத்த ஆண்டு!

பிறவிக் கலைஞன்! பாராட்டுத்தான், தோழர்களே. ஆனால் பாராட்டுக்குள் ஒரு பூட்டும் இருக்கிறது. பிறவியிலேயே வந்துவிட்டதென்றால் பள்ளி எதற்கு? ஆசிரியர் எதற்கு? அரசின் பணம் எதற்கு? பிறவியில் வராதவன் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதானே? இந்த நாட்டில் 'பிறவி' என்ற சொல் கதவு திறக்க வந்ததைவிடத் தாழ்ப்பாள் போட வந்ததே அதிகம். அதனால்தான் சொல்கிறோம்: கலை பிறப்பல்ல, பயிற்சி!

சான்று வேண்டுமா? சந்திரலேகாவைப் பாருங்கள். 1928இல் பிறந்தவர், மராட்டிய மண்ணிலிருந்து சென்னைக்கு வந்தவர், காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் ஆடல் பயின்றவர். புகழ் வந்த பிறகு, "இந்த ஆட்டம் இன்றைய மனிதனுக்கு என்ன சொல்கிறது?" என்ற கேள்வி அவரைக் குடைந்தது. பல ஆண்டுகள் மேடையை விட்டே விலகி நின்றார். 1985இல் 'அங்கிகா'வோடு திரும்பினார். பரதத்தோடு யோகமும் களரியும் கைகோத்தன. 2006இல் அவர் மறையும்வரை அந்தத் தேடல் ஓயவில்லை. அவரோடு பத்தாண்டுக் காலம் ஆடிய பத்மினி செட்டூர், பின்னர்த் தனக்கென ஒரு புதுப் பாதை வகுத்தார். தற்கால நடனம் என்று உலகம் சொல்லும் கலையில் சென்னைக்கும் ஓர் இடம் கிடைத்தது. பிறவியா கொடுத்தது? உழைப்பு கொடுத்தது!

அந்த உழைப்பு எத்தகையது? நாள்தோறும் உடலைப் பதப்படுத்த வேண்டும். முதுகெலும்பு எங்கே வளைகிறது, எடை எந்தக் காலில் இறங்குகிறது, மூச்சு எங்கே தொடங்குகிறது என்று அறிய வேண்டும். தரையில் விழவும் அடிபடாமல் எழவும் பழக வேண்டும். கற்ற அடவை ஆடுவதோடு நில்லாமல், புதிய அசைவைத் தானே ஆக்கத் தெரிய வேண்டும். ஒளியமைப்பு தெரிய வேண்டும். ஒப்பந்தத் தாளைப் படிக்கவும் தெரிய வேண்டும். முழங்கால் நொந்தால் ஓய்வு கொள்ளும் அறிவும் தொழிலறிவே! அமெரிக்காவின் மார்த்தா கிரகாம் தம் இருபதுகளில்தான் முறையான பயிற்சியில் இறங்கினார். மூச்சின் இறுக்கத்தையும் தளர்வையும் வைத்தே ஒரு பயிற்சி முறையைப் படைத்தார். வயது போயிற்றே என்று ஏங்கும் நம் பிள்ளைகள் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

"மேல்நாட்டுச் சரக்கு நமக்கேன்?" என்பார் சிலர். சிலம்பத்தின் கால்வைப்பு மேல்நாட்டுச் சரக்கா? ஒயிலாட்டத்தின் வளைவு கப்பலில் வந்ததா? களரியிலிருந்து சந்திரலேகா எடுத்தார் என்றால், சிலம்பத்திலிருந்து நம் பிள்ளைகள் எடுக்கட்டும்!

"ஆட்டம் சோறு போடுமா?" என்பார் வேறு சிலர். நியாயமான கேள்வி, வயிறு பொய் சொல்லாது. எல்லாருக்கும் போடும் என்று நாமும் பொய் சொல்ல மாட்டோம். ஆனால் பயின்றவன் ஆடலாம், பயிற்றலாம், நாடகத்துக்கும் திரைக்கும் அசைவமைக்கலாம். பயிலாதவனுக்கோ கைதட்டல் ஒன்றே கூலி!

இராமநாதபுரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது, பரதம் கற்பிக்கிறார்கள், நன்று. அந்தக் கூரையின் கீழேயே உடற்பயிற்சிக்கும் தற்கால நடனத்துக்கும் ஒரு வகுப்பு வையுங்கள். ஒயிலாட்ட வாத்தியாரையும் சிலம்ப ஆசானையும் சம்பளத்தோடு அமர்த்துங்கள். மரத்தளம் போட்ட ஒரு கூடம் கட்டுங்கள். சிற்றூர்ப் பிள்ளைக்குப் பேருந்துச் செலவும் உதவித்தொகையும் கொடுங்கள். பெங்களூரில் 1992இல் தோன்றிய ஆட்டக்களரி நிலையம், இக்கலையைப் பாடத்திட்டம் வகுத்துப் பட்டயப் படிப்பாகவே கற்பிக்க முடியும் என்று காட்டியது. அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

இளைஞனே! அரசு வரும்வரை காத்திராதே. விடியலில் ஒரு மணி நேரம் உன் உடலுக்குக் கொடு. ஆசானைத் தேடு. தங்கையின் கையில் கம்பை மறுபடி கொடு.

சிலைக்குச் சந்தனம் ஆண்டுக்கு ஒரு நாள் களையட்டும். உனக்கு அது நாள்தோறும் களைய வேண்டும்!