டீக்கு நிறுத்துங்க, டீயை நிறுத்தாதீங்க!

ஆப்டிட்யூட் கணக்கை ஊதித் தள்ளுற நம்ம மக்கள், ஹெச்.ஆர். ரவுண்டுல 'டு' போடுறதா, 'இங்' போடுறதானு முழிக்கிறாங்க. இன்ஃபினிட்டிவ், ஜெரண்ட், பார்ட்டிசிப்பிள்னு பேரைக் கேட்டு மிரளாதீங்க பாஸ். ஸ்கூல்ல தமிழய்யா நடத்தின வினையெச்சம், தொழிற்பெயர், பெயரெச்சத்தோட பங்காளிங்கதான்!

'வீ ஸ்டாப்டு டு ட்ரிங்க் டீ'ன்னா, டீ குடிக்க வண்டியை நிறுத்தினோம். 'வீ ஸ்டாப்டு ட்ரிங்கிங் டீ'ன்னா, டீ குடிப்பதையே நிறுத்திட்டோம். (அப்புறம் கேன்டீன் அண்ணன் பொழப்பு?) 'குடிக்க', 'குடிப்பதை'... தமிழ்ல இதுல நாம குழம்புறதே இல்லையே!

நிஜமான கண்ணிவெடி, கம்பெனிக்கு அனுப்புற மெயிலோட கடைசி வரி. 'லுக்கிங் ஃபார்வர்டு டு'வுக்கு அப்புறம் 'ஹியர்' வராது, 'ஹியரிங்'தான். அந்த 'டு' இன்ஃபினிட்டிவ் 'டு' இல்லை, ப்ரெபோசிஷன். சந்தேகமா? அந்த இடத்துல ஒரு பெயர்ச்சொல்லை வெச்சுப் பாருங்க. 'லுக்கிங் ஃபார்வர்டு டு யுவர் ரிப்ளை'. கச்சிதமா உட்காருதா? அப்போ வினைச்சொல் வந்தா 'இங்' கட்டாயம்.

பார்ட்டிசிப்பிள் இன்னும் பொல்லாதது. 'ஐ ஆம் போர்டு'ன்னா எனக்கு போரடிக்குது. 'ஐ ஆம் போரிங்'னா நானே ஒரு மொக்கை. அதே கணக்குதான், ஜாவாவுல ஆர்வம்னா 'இன்ட்ரஸ்டட்'. அங்கே போய் 'இன்ட்ரஸ்டிங்'னு சொன்னா, ஆர்வம் உங்களுக்கு இல்லை, உங்களைப் பார்க்கிறவருக்கு!

இன்னிக்கு ராத்திரி ரூம்மேட்டைப் பிடிச்சு உட்கார வைங்க. 'என்ஜாய்', 'அவாய்ட்', 'ஃபினிஷ்' மூணுக்கும் பின்னாடி 'இங்'. 'டிசைட்', 'ரெஃப்யூஸ்' ரெண்டுக்கும் 'டு'. ஆளுக்குப் பத்து வாக்கியம். தப்பா சொன்னவர் செலவுல டீ!