வாங்க ஆளில்லையா, விற்க மனமில்லையா?

"இந்தியால இதையெல்லாம் யாரு சார் வாங்குவா?"

கார் பைத்தியம் பிடித்த எல்லோரும் ஒருமுறையாவது ஏதோ ஒரு ஷோரூம் ஏசியில் உட்கார்ந்து இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். விளம்பரத்தில் பார்த்த ஒரு மேனுவல் டர்போவை ஓட்டிப் பார்க்கப் போனேன். அந்த வகையில் டெஸ்ட் டிரைவ் வண்டியே கிடையாது. "சாதா பெட்ரோலை ஓட்டிப் பாருங்க சார், ஃபீல் ஒண்ணுதான்" என்றார் விற்பனையாளர். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெள்ளைல ஆட்டோமேட்டிக் ஸ்டாக் இருக்கு, நாளைக்கே டெலிவரி" என்றார். சில மாதங்களில் அந்த வகையையே நிறுத்திவிட்டார்கள். டிமாண்ட் இல்லையாம்.

ஓட்டிப் பார்க்கவே விடாத வண்டிக்கு டிமாண்ட் எங்கிருந்து வரும்? வித்தியாசமான கார்களை இந்தியர்கள் வாங்க மாட்டார்கள் என்பது, விற்கச் சோம்பல்பட்டவர்கள் நம் தலையில் கட்டிய பழி. அதற்கான சாட்சிகள் நான் வளர்ந்த ஒரகடம் சாலையிலேயே இருக்கின்றன.

2012-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தேன். (இப்போது எழுதுவது ஜாவா. அது வேறு சோகம்.) ஒருநாள் ஒரகடம் கூட்டுரோட்டில் கல்லூரிப் பேருந்து நின்றபோது, பக்கத்தில் ஒரு டிரெய்லர் நிறைய நீளமான, பெட்டி மாதிரியான கார்கள். "டேய், இது ஆம்புலன்ஸாடா?" என்றான் நண்பன். நிசான் எவாலியா.

அது சாதாரண வண்டி இல்லை. நிசானின் என்வி200-தான் இங்கே எவாலியா ஆனது. 2011-ல் நியூயார்க் நகரம் தன் எதிர்கால டாக்ஸியாகத் தேர்ந்தெடுத்ததும் இதே என்வி200-ஐத்தான். இரண்டு பக்கமும் ஸ்லைடிங் கதவு, ஏழு பேருக்கு இடம், தாழ்ந்த தரைத்தளம். மயிலாப்பூர் மாடவீதியில் ஆட்டோக்காரரிடம் திட்டு வாங்காமல் கதவைத் திறக்கலாம். முழங்கால் வலிக்கிற பாட்டி யார் கையையும் பிடிக்காமல் ஏறி இறங்கலாம். நம் குடும்பங்களுக்கென்றே அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. ஆனால் இப்படிச் சொல்லி அதை விற்ற ஒரு விளம்பரம்கூட எனக்கு நினைவில் இல்லை.

போதாததற்கு, முதலில் வந்த எவாலியாவில் நடு வரிசை ஜன்னல்கள் திறக்காது. ஏற்காடு ஏறும்போது வாந்தி வருகிற குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஒரு அம்மாவைக் கேட்டிருந்தால் போதும். யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியது யார் என்பதே குழப்பம்தான். அன்றைக்கு நிசான் தன் கார்களை இங்கே விற்கும் பொறுப்பை ஹோவர் ஆட்டோமோட்டிவ் என்ற வேறொரு நிறுவனத்திடம் கொடுத்திருந்தது. 2014 பிப்ரவரியில்தான் அந்த ஏற்பாட்டை முறித்துக்கொண்டது. இதற்கு நடுவில் 2013-ல் அதே காரை அதே ஒரகடத்தில் செய்து, ஸ்டைல் என்ற பெயரில் அசோக் லேலண்டும் விற்றது. லாரி வாங்கப் போகிற இடத்தில் குடும்பக் கார்! 2015-ல் ஸ்டைல் நின்றது, எவாலியாவும் பின்னாடியே போய்ச் சேர்ந்தது. பழி மட்டும் நமக்கு: "வேன் மாதிரி இருந்தா நம்ம ஜனங்க வாங்க மாட்டாங்க."

அடுத்த சாட்சி ரெனோ டஸ்டர். அதே தொழிற்சாலை. 2014-ல் ஆல் வீல் டிரைவ் வந்தது, டீசலில், மேனுவலில் மட்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதிகள் வந்தபோது ரெனோ இந்தியாவில் டீசலை விட்டது. ஆல் வீல் டிரைவும் கூடவே போனது. அதே ஆண்டு 156 குதிரைத்திறன் டர்போ பெட்ரோல் இன்ஜின் வந்தது, ஆனால் சக்தி முன்சக்கரங்களுக்கு மட்டும்தான். நான்கு சக்கரங்களும் இழுக்கிற வண்டிக்கு இங்கே ஆள் இல்லை என்று நினைத்தார்கள் போல. அந்த அக்டோபரில் புதிய மஹிந்திரா தார் வந்தது. பின்னால் ஏறுவதற்குக் கதவுகூடக் கிடையாது. மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள் நம்ம ஜனங்க.

இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் வேறு வகை. 2021-ல் ஐ20 என் லைன் வந்தது. அப்போது ஐரோப்பாவில் விற்ற ஐ20 என்-இல் 1.6 லிட்டர் டர்போ, 204 குதிரைத்திறன். நமக்கு, சாதா ஐ20 டர்போவில் இருந்த அதே ஒரு லிட்டர், 120 குதிரைத்திறன். சஸ்பென்ஷனையும் சைலன்ஸர் சத்தத்தையும் மாற்றினார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த எழுத்துக்குப் பின்னால் இருக்கிற பெருமையை நம்மிடம் விற்றுவிட்டு, இன்ஜினை அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

"ரீசேல் கிடைக்காதே, அதனாலதான் வாங்க மாட்டேங்குறாங்க" என்பார்கள். உண்மைதான். என் அப்பாவும் முதலில் அதைத்தான் கேட்பார். பல வருடச் சேமிப்பைப் போட்டு வாங்குகிறவர் கேட்கத்தான் செய்வார். ஆனால் ரீசேல் ஏன் விழுகிறது? மூன்று வருடத்தில் நிறுத்திவிடுவார்கள், ஸ்பேர் கிடைக்காது என்ற பயத்தால். அந்தப் பயத்தை உண்டாக்கியது யார்?

அதே ஒரகடத்தில்தான் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலையும் இருக்கிறது. 2018-ல் இரட்டை சிலிண்டர் இன்டர்செப்டரை இரண்டரை லட்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். மைலேஜ் கணக்கு பார்க்கிற நாட்டில் 648 சிசி! விற்றது. இந்த வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று சொன்னார்கள், லடாக்குக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள், வண்டியை நிறுத்திவிட்டு ஓடவில்லை. வாங்கியது வேறு நாட்டுக்காரர்கள் இல்லை. எவாலியாவைத் தாண்டிப் போன அதே ஜனங்கள்தான்.

ஆகவே இனி ஒரு நிறுவனம் டிமாண்ட் இல்லை என்று சொன்னால் திருப்பிக் கேளுங்கள். எத்தனை ஷோரூமில் ஓட்டிப் பார்க்க வண்டி வைத்தீர்கள்? இது யாருக்கான கார் என்று ஒரு வரியாவது தமிழில் சொன்னீர்களா? நிறுத்தினாலும் பத்து வருடம் ஸ்பேர் தருவோம் என்று எழுதிக் கொடுத்தீர்களா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு எங்களைக் குறை சொல்லட்டும். அதுவரை விளைநிலங்களின் மேல் கட்டிய அந்தத் தொழிற்சாலைகளிலிருந்து நல்ல கார்கள் டிரெய்லர் ஏறி எண்ணூர் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். வெள்ளை ஆட்டோமேட்டிக் மட்டும் நமக்கு, நாளைக்கே டெலிவரி.