லட்டு பீமனும் கதாயுத பீமனும்



என் நாத்தனார் இருப்பது அடி அண்ணாமலையில். கிரிவலம் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த 14 கிலோமீட்டர் பாதையில், மலைக்குப் பின்புறம் வருகிற ஊர். சென்ற கோடையில் அங்கே போயிருந்தேன். பக்கத்துக் கிராமத்தில் பாரதத் திருவிழா. இரவு முழுவதும் நாங்கள் இருவரும் கூத்துப் பார்த்தோம். காலையில் நாத்தனாரின் ஆறு வயதுப் பேத்தியையும் அழைத்துக்கொண்டு படுகளம் பார்க்கக் கிளம்பினோம்.

"பீமன் வருவானா, பாட்டி? லட்டு சாப்பிடுவானா?" என்று வழியெல்லாம் கேள்வி.

அவளுக்குத் தெரிந்தவன் தொலைக்காட்சி 'சோட்டா பீம்'. ஹைதராபாத்தில் ராஜீவ் சிலகாவின் நிறுவனம் தயாரித்து 2008-ல் வந்த பொம்மைப் படம். பாரதத்திலிருந்து பெயரையும் பலத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். லட்டு தின்றதும் பலம் வந்து போக்கிரிகளைப் புரட்டி எடுக்கிற பையன். அவனையும் தவழும் குழந்தையாக்கி 2019-ல் இன்னொரு தொடர் வந்தது!

களத்திலோ, மண்ணால் செய்த துரியோதனன் பிரம்மாண்டமாக மல்லாந்து கிடக்கிறான். பீமன் வேஷக்காரர் கர்ஜித்துக்கொண்டு தொடையில் அடிக்கிறார். திரௌபதி தன் விரிந்த கூந்தலை முடிகிறாள். குழந்தை வீரிட்டு அழுதுவிட்டாள்.

"இந்த பீமன் வேண்டாம்! என் பீமன்தான் வேணும்!"

"பாரதத்தைப் பொம்மையாக்கினால் இப்படித்தான்!" என்று நாத்தனாருக்குக் கோபம். கல்லூரியில் படிக்கும் மூத்த பேத்தி சிரித்தாள். "ஜப்பானிலும் இதே கதைதான், பாட்டி. 'அட்டாக் ஆன் டைட்டன்' என்று ஒரு பயங்கரமான தொடர். அதில் ராட்சதன் கதாநாயகனின் தாயையே தின்றுவிடுவான். 2015-ல் அதையே பள்ளிக்கூட வேடிக்கையாக எடுத்தார்கள். பெரிய தலை, குட்டி உடம்பு. அதற்குச் 'சிபி' என்று பெயர். அதில் ராட்சதன் தின்பது பையனின் மதியச் சாப்பாட்டைத்தான்!"

எனக்கு முந்தின இரவுக் கட்டியக்காரன் ஞாபகம் வந்தது. துரியோதன மகாராஜாவையே பரிகாசம் செய்து ஊரைச் சிரிக்க வைத்தானே! பயங்கரத்தைச் சிரிப்பாக்குவது நமக்குப் புதிதா என்ன? ஆனால் நம் பெரியவர்கள் சிரிப்பையும் அழுகையையும் ஒரே பந்தலில் வைத்தார்கள். சிரித்த ஜனங்களே விடிந்ததும் கண்ணீர் விட்டார்கள். நம் வீட்டுக் குழந்தைக்கோ சிரிப்பை மட்டும் தனியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மற்றதைச் சொல்ல நமக்கு நேரமில்லாமல் போய்விட்டது. குற்றம் பொம்மையினுடையதா, நம்முடையதா?

அன்று மாலை அவளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன். சபை நடுவே ஒரு பெண்ணை அவமானப்படுத்தினார்கள்; பெரியவர்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள்; பீமன் ஒருவன் கொதித்தெழுந்து சபதம் செய்தான் என்று. கண் கொட்டாமல் கேட்டாள்.

"அதுக்காகத்தான் சின்ன வயசிலே அவ்வளவு லட்டு சாப்பிட்டானா, பாட்டி?"

நாத்தனாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஆமாம், கண்ணு" என்றேன். நீங்களாயிருந்தால் வேறென்ன சொல்லியிருப்பீர்கள்?