மாட்டுக்குப் பயந்து பம்பர் மாட்டலாமா?

புதுக்கோட்டைப் பக்கம் கார் வைத்திருப்பவரிடம் "முன்னாடி எதுக்கு இந்தக் கம்பி?" என்று கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "ராத்திரி மாடு குறுக்க வந்தா என்ன பண்றது?"

கேள்வி நியாயமானது. மழைக்காலத்தில் வயலும் தொழுவமும் ஈரமாகிவிட்டால் மாடுகளுக்குக் காய்ந்த இடம் தார் ரோடுதான். கொசு, ஈ தொல்லையும் அங்கே குறைவு. கீரனூர், திருமயம், கந்தர்வகோட்டை வழியாக ராத்திரியில் வருபவர்களுக்கு இந்தக் காட்சி பழகிப்போன ஒன்று. அறுவடை முடிந்தால், ராமநாதபுரம் பக்கமிருந்து டெல்டாவுக்குக் கிடை போடப் போகும் ஆட்டு மந்தைகள் இந்தச் சாலைகளில்தான் நடக்கும். விராலிமலை என்றால் மயில். (ஜல்லிக்கட்டு மாவட்டமாச்சே, காளை வந்து மோதிடாதா என்று கேட்பவர்களும் உண்டு. வாடிவாசல் காளை ரோட்டில் படுப்பதில்லை, அது வீட்டில் பிள்ளை மாதிரி வளர்கிறது. ரோட்டுக்கு வருவது பெரும்பாலும் பால் வற்றிய பசுவும் விலை போகாத கன்றும்தான்.)

ஆனால் பயம் நியாயமானது என்பதற்காக, அதற்கு மாட்டும் கம்பியும் நியாயமாகிவிடாது.

பம்பருக்கு முன்னால் ஒரு பம்பர்

முதலில் பெயர்க் குழப்பம். கம்பெனி பொருத்தித் தரும் பம்பர் வேறு, அக்சசரீஸ் கடையில் போடும் 'எக்ஸ்ட்ரா பம்பர்' வேறு. தடை இரண்டாவதற்குத்தான். புல் பார், க்ராஷ் கார்டு என்று அதற்குப் பல பெயர்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதி, இவற்றைப் பொருத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுக்கு எதிரானது என்று சொன்னது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. 2020 கடைசியில் தமிழ்நாட்டில் போக்குவரத்து அதிகாரிகள் சாலையில் காரை நிறுத்தி பம்பரைக் கழற்றவைத்ததும் பலருக்கு நினைவிருக்கும். பிறகு சோதனை ஓய்ந்தது, கம்பி திரும்ப வந்தது.

மோதும்போது என்ன நடக்கிறது?

மாட்டின் எடை முந்நூறு, நானூறு கிலோ. அந்த எடை முழுக்கக் கால்களுக்கு மேலே இருக்கிறது. கார் மோதினால் முதலில் அடிபடுவது கால். உடல் அப்படியே பானெட் மேல் சாய்ந்து, கண்ணாடியை நோக்கி வரும். உள்ளே இருப்பவர் தலையில் அடிபடுவதும் இறப்பதும் பெரும்பாலும் இப்படித்தான். கம்பி நிற்பதோ கிரில் உயரத்தில். மாட்டின் காலைத் தட்டிவிடுவதில் அதற்கும் கம்பெனி பம்பருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மயில் கதை இன்னும் மோசம். அது பறந்து எழும் உயரம் நேராக விண்ட்ஷீல்டுக்குத்தான்.

ஆடு, பன்றி, நாய் விஷயத்தில் கம்பி வேலை செய்யும். மெதுவான வேகத்தில் மோதினால் ஹெட்லைட்டும் ரேடியேட்டரும் தப்பிக்கும். இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே மிச்சமாவது ஒர்க் ஷாப் பில், உயிர் அல்ல.

அந்த பில்லுக்குக் கொடுக்கும் விலைதான் சிக்கல். இன்றைய கார்களின் முன்பகுதி வேண்டுமென்றே நசுங்குகிற மாதிரி வடிவமைக்கப்படுகிறது. அது நசுங்க நசுங்க மோதலின் வேகம் குறையும், உள்ளே இருப்பவருக்கு அதிர்ச்சி குறைவாகப் போய்ச் சேரும். ஏர்பேக் விரிவதா வேண்டாமா என்று கணினி முடிவெடுப்பதும் அந்த வேகக் குறைவை அளந்துதான், அதுவும் கண் இமைக்கும் நேரத்துக்குள். நடுவில் சேஸிஸோடு போல்ட் போட்ட இரும்புக் குழாய் வந்தால் அளவு மாறுகிறது. ஏர்பேக் தாமதமாகலாம், தேவையில்லாத நேரத்திலும் விரியலாம். கம்பெனி மோதிப் பார்த்துச் சோதித்த கார் ஒன்று, ரோட்டில் ஓடுகிற கார் வேறொன்று என்றாகிவிடுகிறது.

அதைவிட முக்கியம், கம்பிக்கு எதிரே நிற்பவர். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அதில் பாதசாரிகள் 32,825, இருசக்கர வாகனத்தில் போனவர்கள் 74,897. சமயபுரத்துக்குக் குடும்பத்தோடு பாதயாத்திரை போகிறவர்கள் நடப்பதும் இதே ரோட்டோரம்தான். பானெட்டும் கம்பெனி பம்பரும் ஓரளவு வளைந்து கொடுக்கும். இரும்புக் குழாய் கொடுக்காது. குழந்தை என்றால் அது நெஞ்சு உயரத்திலோ தலை உயரத்திலோ இருக்கும்.

"ஆஸ்திரேலியாவுல எல்லா வண்டியிலயும் இருக்கே?" என்பது அடுத்த வாதம். எல்லா வண்டியிலும் இல்லை, ஆனால் நிறைய இருக்கிறது. அங்கே ஆள் நடமாட்டமே இல்லாத பாலைவனத்தில் கங்காரு மோதி ரேடியேட்டர் உடைந்தால், உதவிக்கு அடுத்த ஊர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அதற்கென்று தனித் தரநிர்ணயம் உண்டு, ஏர்பேக்குக்குப் பொருந்துகிற மாதிரி தயாரித்த பார்களும் உண்டு. இலுப்பூரில் ரேடியேட்டர் உடைந்தால் அரை மணியில் மெக்கானிக் வந்துவிடுவார்.

வேகத்தில்தான் கணக்கு

80 கி.மீ. வேகத்தில் போகும்போது மாட்டைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் கார் 33 மீட்டர் ஓடியிருக்கும். காய்ந்த ரோட்டில் நிற்க இன்னும் 35 மீட்டர். மொத்தம் 68. லோ பீமில் கறுத்த மாடு தெரிவதே சுமார் 40, 50 மீட்டரில்தான். 50 மீட்டரில் தெரிந்தால்கூட மோதும்போது வேகம் 55-க்கு மேல் இருக்கும். அதே கார் 60-ல் வந்தால் மொத்தம் 45 மீட்டர் போதும், பெரும்பாலும் மாட்டுக்கு முன்னாலேயே நின்றுவிடும். எந்தக் கம்பியும் செய்யாத வேலை இது. எதிரே வண்டி இல்லாதபோது ஹை பீம், மங்கிப்போன ஹெட்லைட் கண்ணாடிக்கு ஒரு பாலிஷ், இரண்டும் கம்பியைவிட மலிவு.

காருக்கு ஆகும் சேதத்துக்கு காம்ப்ரிஹென்சிவ் பாலிசி இருக்கிறது. விலங்கு மோதியதும் அதில் அடங்கும். வெறும் தேர்ட் பார்ட்டி என்றால் அடங்காது. சொல்லாமல் மாட்டிய கம்பி, க்ளெய்ம் நேரத்தில் கேள்வியாக மாறவும் வாய்ப்பு உண்டு.

மாட்டை ரோட்டில் விட்டுவிட்டு கார்க்காரரை மட்டும் திட்டுவதும் சரியில்லை. பைக்கில் போகிறவருக்கு எந்த பம்பரும் கிடையாது. நெடுஞ்சாலைகளில் திரியும் மாடுகளை அகற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7-ல் உத்தரவிட்டது. நகராட்சி, ஊராட்சிகளிடம் பவுண்டு எங்கே, மாட்டுக்காரருக்கு அபராதம் எங்கே என்று கேட்க இனி அந்த உத்தரவு கையில் இருக்கிறது. அடிபட்ட மாட்டுக்கு 1962-ஐ அழைக்கலாம். மயில் என்றால் வனத்துறை.

ஏற்கெனவே கம்பி மாட்டியவர்களுக்கு: சட்டத்தின் 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கழற்ற அதிக நேரம் ஆகாது. கழற்றும்போது உள்ளே போல்ட் போட்ட பிராக்கெட்டையும் சேர்த்து எடுக்கச் சொல்ல வேண்டும், கடைக்காரர்கள் பல நேரம் அதை அப்படியே விட்டுவிடுவார்கள்.