எல்லையோரப் பிள்ளையும் ஆறாம் வகுப்பு விதியும்

கடந்த சில ஆண்டுகளில் தமிழ்நாட்டில் வந்த மாணவர் நலச் சட்டங்களையும் அரசாணைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், ஒரே நிபந்தனை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். 2020இல் மருத்துவப் படிப்புக்கு வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டப் படிப்புகளுக்கு வந்த அதன் விரிவாக்கம், கல்லூரி மாணவியருக்கு உதவித்தொகை தர 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் ஆகிய எல்லாவற்றிலும் இந்த ஆறாம் வகுப்புதான் தொடக்கப் புள்ளி. பதினேழு வயதில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும் இடமும் உதவித்தொகையும், அவளுக்குப் பத்து வயதாகும்போது பெற்றோர் எடுக்கும் ஒரு முடிவிலேயே உறுதியாகிவிடுகின்றன.

கேரள எல்லையில் உள்ள நம் களியக்காவிளையில் அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்று இங்கே ஆசிரியர்களாகப் பணியாற்றும் நம் எல்லோருக்கும் தெரியும். சோதனைச்சாவடியைத் தாண்டினால் இஞ்சிவிளை. அதற்கு அப்பால் பாறசாலை. சம்பந்தம், சொத்து, கோயில் திருவிழா, பள்ளிவாசல், தேவாலயம், சந்தை எதுவும் மாநில எல்லையைப் பார்த்து நடப்பதில்லை. அம்மையின் வீடு அந்தப் பக்கம், அப்பனின் வீடு இந்தப் பக்கம் என்பது இங்கே சாதாரணம். எந்தப் பள்ளி என்பதை முடிவு செய்வது பேருந்து வரும் நேரம், மூத்த பிள்ளை படிக்கும் இடம், வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்கும் தாய்க்கு எந்த எழுத்து வாசிக்கத் தெரியும் என்பது. தாய் மலையாளம் மட்டும் வாசிப்பவர் என்றால் பிள்ளை இங்குள்ள மலையாள வழிக்குப் போகிறது, அல்லது பாறசாலைக்குப் போகிறது. அரசாணையைப் படித்துவிட்டுப் பள்ளி தேடும் பெற்றோர் எங்கும் இல்லை.

விளைவு ஏழு ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். நடுநிலை வகுப்புகளை எல்லைக்கு அந்தப் பக்கம் படித்த பிள்ளை, ஒன்பதாம் வகுப்பில் இங்குள்ள அரசுப் பள்ளிக்கு வந்து பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தாலும், 7.5 சதவீதத்துக்கு உரியவர் அல்லர். பொது ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கவும், நேட்டிவிட்டி என்று நாம் சொல்லும் இருப்பிடச் சான்றிதழ் அவரிடம் தனியாகக் கேட்கப்படும். வேலைக்குப் போகும்போது இன்னொரு கதவும் அடைபடுகிறது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை தரும் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உரிமை கோருபவர், ஒன்றாம் வகுப்பு முதலே தமிழ்வழியில் படித்ததற்குச் சான்று தர வேண்டும். ஆறு வயதில் இரண்டு ஆண்டுகள் மலையாள வழியில் உட்கார்ந்த பிள்ளைக்கு, இருபத்தைந்து வயதில் அந்தச் சான்றிதழை எந்தத் தலைமையாசிரியரும் எழுதித் தர முடியாது. தமிழ்வழியில் படிப்பவர்களுக்கு ஆதரவு வேண்டும் என்ற நோக்கத்தில் இந்த இதழுக்கு மாற்றுக் கருத்து இல்லை. குழந்தை தானாக எடுக்காத ஒரு முடிவுக்காக வாழ்நாள் முழுவதும் அந்தக் குழந்தையையே பொறுப்பாக்கும் முறையைத்தான் ஏற்க முடியவில்லை.

எல்லையைத் தாண்டாமல், பிறந்தது முதல் இந்தப் பக்கமே படித்த பிள்ளைகளில் பலரையும் இதே நிபந்தனை வெளியே நிறுத்துகிறது. அவர்கள் படிப்பது அரசு உதவிபெறும் பள்ளிகளில். இது குமரி மாவட்டத்தின் தனிக் கதை. சென்னையில் விதி எழுதுகிறவர்கள் இந்தக் கதையை அறிந்திருக்க வேண்டும்.

கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று 1817இல் திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாயின் பெயரில் அறிவிப்பு வந்தது. அதற்கு முன்பே, 1809இல், மயிலாடியில் லண்டன் மிஷனின் மிஷனரி ரிங்கல்தௌபே பள்ளி தொடங்கியிருந்தார். நாகர்கோவில், நெய்யூர், பாறசாலை என்று லண்டன் மிஷன் நிலையங்கள் தோன்றிய இடமெல்லாம் பள்ளிகளும் வந்தன. அரசுப் பள்ளி வாசலில் ஏற்கப்படாத சாதிகளின் பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளிகளே முதல் வாசல். பின்னால் கத்தோலிக்க மறைமாவட்டமும் சமுதாய அமைப்புகளும் அதே வழியில் பள்ளிகள் கட்டின. அரசு மானியம் கொடுத்தது. இருக்கிற பள்ளிக்கு மானியம் கொடுத்தால் போதும் என்ற நிலையில், அரசு தன் சொந்தப் பள்ளியைக் கட்டாமல் விட்ட ஊர்கள் இங்கே பல. 2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டம் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடத்தில் நின்றதற்கு அந்தப் பள்ளிகளும் காரணம். ரப்பர் பால் வெட்டுபவரின் மகளும், மீன் விற்பவரின் மகனும், பனையேறியின் பேரனும் படிப்பது இந்த உதவிபெறும் பள்ளிகளில்தான். ஆசிரியருக்குச் சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வருகிறது. பாடநூலும் சத்துணவும் அரசினுடையவை. பெயர்ப்பலகை மட்டும் வேறு.

இதை அரசே மெல்ல மெல்ல ஒப்புக்கொண்டு வருகிறது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியபோது அது அரசுப் பள்ளிகளுக்கு மட்டும். 2024 ஜூலை 15 அன்று ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டு 26 அன்று நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. ஊரகம், நகர்ப்புறம் என்ற பிரிவும் இங்கே சரியாகப் பொருந்துவதில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். தோப்பும் வயலும் சூழ்ந்த ஊர்களெல்லாம் இங்கே பேரூராட்சிகள், களியக்காவிளையும் அப்படித்தான். 2011 கணக்கின்படி இந்த மாவட்ட மக்களில் 82 சதவீதத்தினர் நகர்ப்புறவாசிகள். புதுமைப் பெண் திட்டம் 2024 டிசம்பர் 30 முதல் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த மாணவியருக்கும் விரிந்தது. மாதம் ஆயிரம் ரூபாய் ஒரு பெண்ணைக் கல்லூரியில் தக்கவைக்கும் என்பதை நம் வகுப்புகளில் பார்க்கிறோம்; இந்த விரிவாக்கத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் உதவிபெறும் பள்ளியில் மலையாள வழியில் படித்த பெண் 'தமிழ்வழி' என்ற அந்தச் சொல்லுக்குள் எப்படி வருவாள்? அவளும் தமிழ்நாட்டின் பெண். அவள் வீட்டிலும் அதே வறுமை.

7.5 சதவீதம் மட்டும் அசையாமல் நிற்கிறது. 2022 ஏப்ரல் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. உதவிபெறும் பள்ளி மாணவர்களையும் சேர்க்கக் கோரிய மனுக்களை அது ஏற்கவில்லை. ஆனால் ஐந்தாண்டுகளில் ஒதுக்கீட்டை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. அரசின் பக்க வாதத்திலும் வலு உண்டு. உதவிபெறும் பள்ளிகளில் வசதியான வீட்டுப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். கதவை அகலத் திறந்தால் அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் கிடைத்த சில நூறு இடங்கள் கரைந்துவிடும் என்ற அச்சம் நியாயமானது. அதற்கு விடை, பள்ளியின் வகையோடு குடும்ப வருமானத்தையும், பெற்றோரின் கல்வியையும் சேர்த்து அளப்பதுதான். முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகைக்குச் சான்று சரிபார்க்கும் நிர்வாகம் இங்கே ஏற்கெனவே இருக்கிறது. அரசுப் பள்ளியின் பங்கை அப்படியே வைத்துவிட்டு, உதவிபெறும் பள்ளியின் ஏழைப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு சிறு பங்கு வகுக்கலாம். மறுபரிசீலனை வரும்போது குமரி மாவட்ட ஆசிரியர் அமைப்புகள் இந்தக் கோரிக்கையோடு முன்னால் நிற்க வேண்டும்.

அடுத்தது மொழி. இதில் நம் மாவட்டத்துக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் கடமை இருப்பதாக இந்த இதழ் கருதுகிறது.

1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நேசமணியின் தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டமும், 1954 ஆகஸ்டு 11 அன்று புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச் சூட்டில் விழுந்தவர்களின் உயிரும் அதன் விலை. அதே நாளில் நடைமுறைக்கு வந்த ஏழாவது அரசியலமைப்புத் திருத்தம்தான் 350ஏ பிரிவைக் கொண்டுவந்தது: மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும். எல்லை மாறினால் யாரேனும் சிறுபான்மை ஆவார்கள் என்பது கோடு வரைந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. நேற்றுவரை மலையாள மாநிலத்தில் சிறுபான்மையாக இருந்த தமிழர் இங்கே பெரும்பான்மை ஆனோம். விளவங்கோட்டு மலையாளிகள் சிறுபான்மை ஆனார்கள்.

2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16இல் பத்தாம் வகுப்பை எட்டியது. பகுதி ஒன்றில் தமிழ் கட்டாயம். தாய்மொழி விருப்பப் பாடமாக நான்காம் பகுதிக்குப் போனது. இந்த மண்ணில் வாழப்போகும் பிள்ளைக்குத் தமிழ் தெரிய வேண்டும் என்பது சரியான கொள்கை. தமிழ் எழுதப் படிக்கத் தெரியாமல் பத்தாம் வகுப்பை முடிக்கும் மலையாளப் பிள்ளைக்குக் குழித்துறை அலுவலகங்களிலும் நாகர்கோவில் கல்லூரிகளிலும் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். ஆனால் சட்டம் வகுப்பறைக்குள் நுழைந்த விதம் சரியில்லை. பத்தாம் வகுப்பை எட்டியதும் வழக்குகள் வந்தன. பல ஆண்டுகள் நீதிமன்ற ஆணையால் விலக்கு நீண்டது. 2023இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டுத் தேர்வுக்கு விலக்கு அளித்தது பிப்ரவரி மாதத்தில். தேர்வுக்குச் சில வாரங்களுக்கு முன்புவரை எந்தத் தாள் எழுதப்போகிறோம் என்று தெரியாத பிள்ளையை எப்படித் தயார் செய்வது? விலக்கு கேட்பதும் கொடுப்பதுமாகக் கழிந்த ஆண்டுகளில், கற்பிக்கும் முறையைப் பற்றிய பேச்சே எழவில்லை.

அந்தப் பேச்சை நாம்தான் தொடங்க வேண்டும். மலையாள எழுத்தில் படிக்கத் தொடங்கிய பிள்ளைக்குக் ககர வரிசையில் ஒலிக்கு ஓர் எழுத்தாக நான்கு எழுத்துகள் உண்டு. தமிழில் 'பக்கம்', 'பகல்', 'தங்கம்' மூன்றிலும் ஒரே ககரம், ஒலி மூன்று விதம். எந்த இடத்தில் எந்த ஒலி என்ற விதியை நாம் சொல்லித் தருவதில்லை, ஏனென்றால் தமிழைப் பேசி வளர்ந்த பிள்ளைக்கு அது தேவைப்படுவதில்லை. வினைமுற்று இன்னொரு இடர். மலையாளத்தில் ஞான் வந்நு, நீ வந்நு, அவள் வந்நு என்று வினை மாறாமல் நிற்கும். தமிழில் வந்தேன், வந்தாய், வந்தாள். அந்தப் பிள்ளை விகுதியை விட்டுவிட்டு எழுதினால் அது கவனக்குறைவு அல்ல. அதன் தாய்மொழி இலக்கணம் அது. சிவப்பு மையால் சுழிப்பதற்கு முன் இதை அறிந்த ஆசிரியரும் அறியாத ஆசிரியரும் ஒரே பிள்ளையை இரண்டு விதமாக மதிப்பிடுவார்கள். இன்னொரு பக்கம், வேறு மாவட்டங்களில் தமிழ்ப் பிள்ளைகளே தடுமாறும் ழகரம் இந்தப் பிள்ளையின் நாவில் இயல்பாக இருக்கிறது. இரண்டு மொழிக்கும் பொதுவான சொற்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இவற்றை வைத்துக்கொண்டு மூன்றாம் வகுப்பிலிருந்து படிநிலையாக ஏறும் ஒரு தமிழ்ப் பாடநூலை எழுத முடியும். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளை எழுதும் அதே தாளைப் பத்தாம் வகுப்பில் மலையாளப் பிள்ளையிடமும் நீட்டுவதற்கு முன், அந்த ஏணியை வைத்துக் கொடுப்பது அரசின் பொறுப்பு. அதை எழுதும் தகுதி, இரு மொழியும் அறிந்த விளவங்கோடு, கிள்ளியூர் ஆசிரியர்களுக்கு இருக்கிறது.

கேரளமும் 2017இல் பத்தாம் வகுப்புவரை மலையாளத்தைக் கட்டாயமாக்கிச் சட்டம் செய்தது. இடுக்கியிலும் பாலக்காட்டிலும் தமிழ்வழிப் பள்ளிகளுக்காகவும் தமிழாசிரியர் பணியிடங்களுக்காகவும் குரல் கொடுக்கிறோம். அங்கே நாம் கேட்பதை இங்கே கொடுத்தால்தான் அந்தக் குரலுக்கு மதிப்பு இருக்கும். மலையாளப் பிரிவில் எண்ணிக்கை குறைந்ததும் பணியிட நிர்ணயத்தில் உபரி என்று எழுதி ஆசிரியரை மாற்றுவது எளிது. அடுத்த ஆண்டு சேர வரும் பிள்ளைக்கு ஆசிரியர் இருக்க மாட்டார், அதற்கடுத்த ஆண்டு பிரிவே இருக்காது. சிறுபான்மைமொழிப் பிரிவுகளுக்கு ஆசிரியர்-மாணவர் விகிதத்தில் தனி அளவு வேண்டும்.

ஒன்றிய அரசுக்கும் மாநில அரசுக்கும் இடையிலான பூசலைப் பற்றி இங்கே நீட்டி எழுதப்போவதில்லை. ஒன்றிய அரசின் பிஎம்ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காகத் தமிழ்நாட்டுக்கு 2024-25இல் வரவேண்டிய 2,152 கோடி ரூபாய் சமக்ர சிக்ஷா நிதி நிறுத்தப்பட்டது அநீதி. கேரளத்துக்கும் அதே நெருக்கடி வந்தது. அந்த மாநில அரசு 2025 அக்டோபரில் கையெழுத்திட்டுவிட்டு, சில நாட்களிலேயே அதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர் சம்பளம் இந்த நிதியைச் சார்ந்தது என்பதை இரு தரப்பு அரசியலாளரும் நினைவில் வைக்கட்டும்.

சட்டமும் அரசாணையும் மாறும்வரை நம் கையில் இருப்பவை சில உண்டு. எல்லை தாண்டி வரும் பிள்ளையை மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு மாநிலத்துக்குள் மட்டுமல்ல, மாநிலம் விட்டு மாநிலம் மாறும் குழந்தைக்கும் உரியது. சான்றிதழ் தாமதம் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிவைக்கவோ காரணம் ஆகாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. சான்றிதழ் எழுதும்போது பயிற்றுமொழியை ஆண்டுவாரியாக எழுதுங்கள். தமிழ்வழிச் சான்று கேட்டு இருபது ஆண்டுகள் கழித்து ஒருவர் வரும்போது, உங்களுக்குப் பின் வரும் தலைமையாசிரியரிடம் அந்தப் பதிவேடு மட்டுமே இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நான்காம், ஐந்தாம் வகுப்புப் பெற்றோரை மார்ச் மாதத்திலேயே அழைத்துப் பேசுங்கள். 7.5 சதவீத ஒதுக்கீடு, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன், தமிழ்வழி முன்னுரிமை ஆகிய நான்கின் நிபந்தனைகளையும் ஒரு தாளில் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டு, வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டிக் கொடுங்கள். பாறசாலைக்குத்தான் பிள்ளையை அனுப்புவோம் என்று அதன் பிறகும் அவர்கள் முடிவு செய்தால் அது அவர்கள் உரிமை. தெரிந்தே எடுத்த முடிவாக அது இருக்கட்டும்.